ஒரு மணி நேரத்துக்கு ஒரு குப்பைமேடு

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்டே. கால் வலிக்கிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், அதனால் என் மானம் கப்பலேறிவிடாது. குப்பைமேடு கிடைக்காமல் ஓர் ஊரே அலைந்த கதை ஒன்று வைத்திருக்கிறேன், அதை இன்றைக்கு உங்களுக்குத் தருகிறேன். குப்பை கிடைக்காத ஊரா என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இது இன்னும் ஐம்பது வருஷம் கழித்து நடக்கப்போகிற சங்கதி. நடக்கப்போவதை நடந்து முடிந்ததுபோல்தான் எனக்குச் சொல்ல வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரின் பெயர் முகத்துவாரக்குப்பம். ஆறு வந்து கடலில் விழுகிற இடம். ஒரு காலத்தில் அங்கே வலையை இழுத்தால் மீனைவிடக் கேரிபேக்தான் அதிகம் வரும். ஒருமுறை மூன்று காலோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர், அதாவது நாட்டார், நாலாவது காலுக்குச் செங்கல் வைத்து அதில் இரண்டு வருஷம் தீர்ப்புச் சொன்னார். நாட்டாரின் பெயர் யஷ்வந்த். வயது அறுபத்தெட்டு. என்ன முகம் சுளிக்கிறீர்கள்? ஐம்பது வருஷம் கழித்துக் கிழவர்களுக்கெல்லாம் இப்படித்தான் பெயர் இருக்கும். வைத்தது நீங்கள்தானே!

அந்த ஊருக்குப் பரங்கிப்பேட்டையிலிருந்து வந்து குடியேறியவள் தில்ஷாத். போட் இன்ஜின் மெக்கானிக். ஊர்ப் பெண்கள் குழுவோடு சேர்ந்து அவள் ஒரு மெஷின் செய்தாள். முறம் அளவு இருக்கும், எட்டுக் கால், இரண்டு கொடுக்கு. எல்லோரும் அதை நண்டு என்றார்கள். மொத்தம் நாற்பது நண்டுகள். ஊர்க்கூட்டத்தில் ஒன்றை நடுவில் விட்டுவிட்டு தில்ஷாத் விளக்கினாள்.

“ஒரு சாமான நாம தொட்டா, நம்ம தோலு துளியூண்டு அதுல ஒட்டிக்கும். கண்ணுக்குத் தெரியாது. நண்டு அத மோந்து பாக்கும். கடைசியா யாரோட தோலு பட்டுச்சோ அவங்க வூட்டு வாசல்ல கொண்டாந்து வச்சிடும்.”

“வச்சா?” என்றார் நாட்டார்.

“வச்சா, நீங்களே கழுவி, குப்ப பிரிக்கிற கொட்டகைக்கு எடுத்தாரணும். மக்குறது வாழைக்குப் போவும். மக்காதது உருக்குற மெஷினுக்குப் போவும்.”

“போட்டது யாருன்னு தப்பா மோந்துட்டா?”

“நண்டு பொய் சொல்லாது நாட்டாரே.”

சொல்லாதுதான். அதுதான் வம்பாகிப்போனது. முதல் வாரத்திலேயே, கறி தொடாமல் விரதமிருந்த பூசாரி வீட்டு வாசலுக்குப் பொரித்த கோழி வாங்கிய பொட்டலம் மூன்று வந்து சேர்ந்தது. குடியை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்தவன் வீட்டுக்கு பாட்டில்கள் வரிசையாக நடந்து வந்தன. ஊரே ‘கருகருவென்று என்ன முடி’ என்று மெச்சிய நாட்டார் வீட்டு வாசலில், விடிந்ததும் தலைச்சாயப் பொட்டலம் ஏழு. வைத்துவிட்டு நண்டு, பள்ளிக்கூட வாத்தியார் குரலில் சத்தமாக ஒன்று சொல்லும்: “தங்கள் பொருள். பொறுப்புடன் கையாளவும்.” தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

நாட்டார் மறுநாளே நண்டை நிறுத்தச் சொன்னார். பெண்கள் கூடிப் பேசி, நண்டை நிறுத்துகிற பட்டனையே கழற்றி ஆற்றில் எறிந்துவிட்டார்கள். பட்டனை நண்டு எடுத்துவந்து, எறிந்தவள் வீட்டு வாசலிலேயே வைத்தது. அவள் அதைக் கழுவிக் கொட்டகையில் கொடுத்தாள். உருக்கிவிட்டார்கள்.

ஆறு வருஷத்தில் ஊர் கண்ணாடியாகிவிட்டது. முகத்துவாரத்தில் தண்ணீர் தெளிந்து கொடுவா மீன் திரும்பி வந்தது. காணாமல்போன ஆமை கரையேறி முட்டையிட்டது. இதெல்லாம் உண்மையான நன்மை, நான் கேலி செய்யவில்லை. ஆனால் கொட்டகையில் ஏழு பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பொருளாய்த் திருப்பிப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். “ஏன்டி, இவ வூட்டுல என்னா இத்தன மாத்திர அட்ட?” என்று ஆரம்பித்தால் சாயங்காலம்வரை ஓடும். அதனால் நாலு பேர் பார்க்கக்கூடாத குப்பையை யாரும் போடவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. கட்டிலுக்கு அடியில், பரண் மேலே, அரிசிப் பானைக்குள் என்று ஒளித்துவைத்தார்கள். தெரு பளபளத்தது. வீடுகள் வீங்கின.

இப்படி இருக்கும்போதுதான் முத்தழகிக்குப் பிள்ளை பிறந்தது.

முத்தழகி கடலுக்குப் போகிற செம்பியனின் மனைவி. அவளுக்கு இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் முப்பது நாள் முடியும் முன்னே கண்ணை மூடிவிட்டன. மூன்றாவது இந்தப் பெண். டாக்டர் நாலு தடவை பார்த்துவிட்டு, “பாப்பாவுக்கு ஒரு குறையும் இல்லம்மா, நிம்மதியா இரு” என்றார். முந்தைய இரண்டுக்கும் இதே டாக்டர் இதையேதான் சொல்லியிருந்தார். முத்தழகி எப்படி நிம்மதியாக இருப்பாள்? சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டு மூச்சை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இருபத்தெட்டாம் நாள் காலையில் பிள்ளையை தில்ஷாத் கையில் கொடுத்து, அவளையும் கூட்டிக்கொண்டு நேரே ஊர்ப் பஞ்சாயத்துக்கு நடந்தாள்.

“நாட்டாரே, எனக்கு ஒரு குப்பமேடு வேணும்.”

நாட்டார் காதைக் குடைந்துகொண்டார். “என்னா வேணும்?”

“குப்பமேடு. முப்பதாம் நாளு காலைல ஒரு மணி நேரம் போதும். எங்க அம்மா வழியில புள்ள தங்கலன்னா, பொறந்தத முறத்துல வச்சுக் குப்பமேட்டுல போட்டுருவாங்க. யமன் வந்து பாத்து, ‘சீ, இது யாரோ வேணான்னு போட்டது, நமக்கெதுக்கு’ன்னு போயிருவான். அப்புறம் வேற வூட்டு ஆளு ஒருத்தங்க படி தவிடு குடுத்து வாங்கிக்கணும். அதுலேர்ந்து அது அவங்க புள்ள. நான் வளக்குற ஆளு மட்டுந்தான்.”

“நாளைக்கி மறுநாளு சுத்தமான கடற்கரைக்கு விருது குடுக்க மெட்ராஸ்லேர்ந்து ஆளு வருது! இப்பப் போயி குப்ப கேக்குறியே. பக்கத்து ஊர்ல மல மாதிரி கெடக்கு, அங்க போயி போட்டுக்கயேன்.”

“அங்க ஊசியும் கண்ணாடியுமா கெடக்கு. அதோட அவங்க ஊரு யமன் வேற, நம்ம ஊரு யமன் வேற.”

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல் வெடித்தது. “யமனாம், தவிடாம்! எந்தக் காலத்துல இருக்கீங்க எல்லாரும்?”

முத்தழகியின் மாமியார் ஹர்ஷினி. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. கழுத்தில் தாலிக்குப் பதில் வெப்பமானியைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று ஊரில் சொல்வார்கள். இரண்டாவது பிள்ளை இறந்த மாதம் மாமியாருக்கும் மருமகளுக்கும் பெரிய சண்டை. “உங்க சுடுதண்ணி கணக்குதான் என் புள்ளய தின்னுச்சு” என்று இவள் சொல்ல, “உன் வேப்பெண்ணெதான்டி தின்னுச்சு” என்று அவள் சொல்ல, ஹர்ஷினி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எதிர்வரிசை வீட்டுக்குத் தனியாகப் போய்விட்டாள். இந்த மூன்றாவது பிறந்ததும் வாசலில் நின்றே உத்தரவு போட்டாள்: “கிருமி ஒட்டும். ஒரு மாசத்துக்கு யாரும் தொடக்கூடாது.” அவளும் தொடவில்லை. ஒரு நாள்கூடத் தூக்கவில்லை. கல்நெஞ்சு என்று ஊர் பேசியது.

“அத்தே, உங்கள யாரும் கேக்கல,” என்றாள் முத்தழகி.

“நான் கேப்பேன்டி. பச்சப் புள்ளைய குப்பையில போட்டா சளி புடிக்குமா புடிக்காதா?”

“ரெண்டு போச்சு. சளி புடிச்சா போச்சு?”

ஹர்ஷினி முந்தானையை உதறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.  நாட்டார் தலையைக் குனிந்துகொண்டார். தில்ஷாத்தைப் பார்த்து, “அன்னிக்குக் காலைல ஏழு மணிக்குள்ள முடிச்சுக்க முடியுமா? அவங்க ஒம்போதுக்குத்தான் வருவாங்க,” என்றார்.

“நண்ட நிறுத்த முடியாதே நாட்டாரே. பட்டன நாமளே உருக்கிட்டோம். போட்டுப் பத்து நிமிசத்துல அத்தனையும் அவங்கவங்க வூட்டுக்குத் திரும்பிடும்.” தில்ஷாத் யோசித்தாள். “ஆனா தோலு படாத குப்பைன்னா அதுக்கு ஆளு தெரியாது. சுத்திச் சுத்தி வந்து முழிச்சுக்கிட்டு நிக்கும். எல்லாத்தையும் பயத்தமாவு போட்டு அலசிட்டு, கையுறை போட்டுக் கொண்டாந்து போடுங்க. புள்ளயையும் அப்படியே.”

“அதுக்குக் குப்பைக்கு எங்க போறது?” என்றார் நாட்டார்.

 பூசாரி இருமினார். “எங்கூட்டுப் பரண்ல கொஞ்சம் இருக்கு.”

“எங்கூட்டுலயும் இருக்கு,” என்றாள் ஒருத்தி. உடனே இன்னொருத்தி. அப்புறம் சொல்லாதவர்களே இல்லை.

முப்பதாம் நாள் விடிந்ததும் பாருங்கள், முகத்துவாரக்குப்பம் முழுக்கக் கையுறையோடு கிளம்பியது. ஆறு வருஷமாக ஒளித்துவைத்தது எல்லாம் ஆற்றங்கரைக்கு வந்தது. உடைந்த பல்செட், ஓடிப்போன மருமகனின் சட்டைகள், யாருக்கும் சொல்லாமல் வாங்கி எரிந்துபோன மிக்சி. பூசாரி ஒரு சாக்கு. புற்றுநோய் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் கொண்டுவந்து போட்டாள் ஒருத்தி. பக்கத்தில் நின்றவள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். கடைசியாக நாட்டார் இரண்டு மூட்டையை இழுத்து வந்தார்.

“இவ்வளவுமா மை?” என்று வாயைப் பிளந்தாள் தில்ஷாத்.

“மீசைக்கும் சேத்துதான் தாயி.”

குப்பைமேடு ஆள் உயரம் எழுந்தது. ஊர் மொத்தமும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதைப் பெருமையாகப் பார்த்தது. உள்ளதைச் சொல்கிறேன், தேர் கட்டி முடித்தபோதுகூட அவர்கள் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை யாரும் பார்த்ததில்லை.

முத்தழகி வீட்டில் தில்ஷாத் பிள்ளையைக் குளிப்பாட்டி, துடைத்து, கையுறையாலேயே முறத்தில் கிடத்தினாள். ஹர்ஷினி வெப்பமானியோடும் கையுறையோடும் வந்து, “டெம்பரேச்சர் பாக்கணும், எல்லாரும் ஒரு நிமிசம் வெளிய போங்க” என்று விரட்டிவிட்டு, பார்த்து முடித்ததும் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். தில்ஷாத் முறத்தைக் கொண்டுபோய்க் குப்பையின் ஓரத்தில், மெத்தென்ற துணி மூட்டைமேல் வைத்தாள். தவிடு கொடுத்து வாங்கப்போவதும் அவள்தான். முத்தழகி பார்க்கக் கூடாது. ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றாள். 

நண்டுகள் வந்தன. மேட்டைச் சுற்றின, மோந்தன, விளக்கைச் சிமிட்டின, ஆள் தெரியாமல் நின்றன. தில்ஷாத் சொன்னபடியேதான். ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்போது ஒரு நண்டு மட்டும் முறத்தருகே போய்ப் பிள்ளையை மோந்தது. மறுபடி மோந்தது. பச்சை விளக்கு எரிந்தது. முறத்தைப் பிள்ளையோடு தூக்கித் தலைக்குமேல் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டது!

“ஐயையோ, எம்புள்ள!” முத்தழகி திரும்பி ஓடிவந்தாள்.

“யாரும் தொடாதீங்க!” கத்தினாள் தில்ஷாத். “புடுங்கினா கொடுக்க இறுக்கும். வுட்டுட்டா முட்டையக்கூட உடைக்காமக் கொண்டுபோவும். பின்னாலயே வாங்க!”

“புள்ளய ஏன்டி குப்பைன்னு நெனச்சுது?”

“புள்ளைக்கு இன்னும் நண்டுல பேரு பதியலல்ல? அதுக்கு அது ஒரு சாமான். ஆனா யாரோ தொட்டிருக்காங்க. குளிச்சப்புறம் யாரோ தொட்டிருக்காங்க!”

நண்டு முன்னால், முத்தழகி பின்னால், அவளுக்குப் பின்னால் ஊர். முறத்தில் கிடந்த பிள்ளை வானத்தைப் பார்த்துக் கையைக் காலை ஆட்டிக்கொண்டு சவாரி போனது. நண்டு முத்தழகி வீட்டைத் தாண்டியது. தில்ஷாத் வீட்டைத் தாண்டியது. எதிர்வரிசையில் ஏறி, சாத்தியிருந்த ஒரு கதவின் முன்னால் முறத்தை மெதுவாக இறக்கியது.

“தங்கள் பொருள். பொறுப்புடன் கையாளவும்.”

கதவைத் திறந்தாள் ஹர்ஷினி. பிள்ளையைப் பார்த்தாள், ஊரைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். “நான் தொடல. நான் கையுறை போட்டிருந்தேன். எல்லாரும் பாத்தீங்கல்ல?”

“ஒதட்டுக்கும் போட்டிருந்தீங்களா?” என்றாள் தில்ஷாத்.

அந்த பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

“ஒரே ஒரு முத்தந்தான்டி. கன்னத்துல. இன்னிக்கு முப்பதாம் நாளாச்சே, ஒருவேள…”  மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். “மொதல் ரெண்டும் என் கையிலதான போச்சு. ரெண்டு தடவையும் நான்தான் தூக்கி வச்சிருந்தேன். கிருமி கிருமின்னு ஊர ஏமாத்துனேன். என் கைதான் எனக்கு பயம். தொட்டா போயிருமோன்னு.”

“நீங்களா அத்தே இப்படிப் பேசுறது? யமன நம்பாத ஆளு?”

“யமன நம்பலடி. என் கையத்தான் நம்பிட்டேன்.”

 முத்தழகி கட்டிப்பிடித்து அழுவாள் என்று ஊர் எதிர்பார்த்தது. அவளோ தன் இடுப்பில் கையை வைத்தாள்.

“சரி, தூக்குங்க.”

“நானா? நான் குடும்பத்து ஆளாச்சே. வேற வூட்டு ஆளுதான வாங்கணும்?”

“நீங்கதான் சண்ட போட்டுக்கிட்டு வேற வூடு போய்ட்டீங்களே. வேற அடுப்பு, வேற கதவு. வேற வூடு இல்லாம இது என்னா? தவிடு இருக்கா இல்லையா?”

ஹர்ஷினி உள்ளே ஓடினாள். தவிடு இல்லை. ஓட்ஸ்தான் இருந்தது. சர்க்கரை வியாதிக்காரி. ஒரு படி ஓட்ஸை அளந்து மருமகளின் முந்தானையில் கொட்டினாள். யமன் ஒத்துக்கொள்வானா என்று பூசாரி சந்தேகம் எழுப்ப, “நீ கோழி தின்னதயே அவன் கண்டுக்கல” என்று நாட்டார் அடக்கினார். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஹர்ஷினி வெறுங்கையால் பிள்ளையைத் தூக்கினாள். அது அவள் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்து, புடவையையும் நனைத்தது. ஊர் குலவையிட்டது.

இந்தக் கூத்தில் மணி ஒன்பதானதை ஒருவரும் கவனிக்கவில்லை. விருதுக் குழு வந்து இறங்கியது ஆள் உயரக் குப்பைமேட்டின் எதிரே. வெள்ளை ஷூ போட்ட அதிகாரியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார், “யாருடைய குப்பை இது?”

நாற்பது நண்டுகளும் முழித்தன. நாட்டார் முன்னால் வந்து, அன்றைக்கு மையடிக்க நேரமில்லாத நரைத்த மீசையைத் தடவிக்கொண்டார். “எங்களோடதும்மா. மொத்தமும் எங்களோடதுதான்.”

விருது போனது. அதிகாரியம்மா கையைத் துடைத்த காகிதத்தைக் கீழே போட்டுவிட்டுக் காரில் ஏறினார். அவர் வீடு நண்டுக்குத் தெரியாதல்லவா? ஒரு நண்டு அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு காரின் பின்னாலேயே மெட்ராஸ் ரோட்டில் நடந்து போனது. இன்னும் திரும்பவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே ஊர் கூடியது. நண்டு இருக்கட்டும், ஆறு அதனால்தான் தெளிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆற்றங்கரையில் மூடி போட்ட ஒரு பெரிய தொட்டி வைத்தார்கள். அதில் போடுவதை நண்டு மோந்து பார்க்காது, கொட்டகைப் பெண்கள் பேசாமல் பிரிப்பார்கள், யாருடையது என்று கேட்கிறவர்கள் ஒரு வாரம் தொட்டி கழுவ வேண்டும். அதன்பிறகு வீடுகளின் வீக்கமும் வடிந்தது. தொட்டியை முதல் மூன்று வாரமும் கழுவியவர் பூசாரி.

பிள்ளையா? முப்பத்தொன்றாம் நாள் பொழுது விடிகிறபோது ஊரையே எழுப்பி அழுதது. யமன் வந்து குப்பையைக் கண்டு போனானா, நண்டைக் கண்டு மிரண்டானா, வராமலே இருந்தானா, எனக்கென்ன தெரியும்? குப்பம்மாள் என்று பெயர் வைத்தார்கள். “ஸ்கூல்ல சிரிப்பாங்கடி” என்று ஹர்ஷினி ஒரு மாதம் சண்டை போட்டுப் பார்த்துத் தோற்றாள்.

குப்பம்மாள் தவழத் தொடங்கியதும் தெருவுக்கு ஒரு புது வழக்கு வந்தது. அது இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்குமாகத் தவழும்போது வழியெல்லாம் எதையாவது போட்டுக்கொண்டே போகும். ஒருநாள் காலை, அதன் அரைத்துணி ஒன்று தெரு நடுவே கிடந்தது. நண்டு அதை எடுத்து மோந்தது. துவைத்தவள் ஒருத்தி, கட்டிவிட்டவள் ஒருத்தி, அவிழ்த்தவர்கள் இரண்டு பேருமே. நாலடி இப்படி நடந்தது, நாலடி அப்படி நடந்தது, துணியைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் நின்றுவிட்டது.

“இங்க கொண்டா, அது என் வூட்டுக் குப்ப!” என்று இந்த வாசலிலிருந்து முத்தழகி கூப்பிட்டாள்.

“யாரு வூட்டுக் குப்ப? ஒரு படி ஓட்ஸ் குடுத்து வாங்கியிருக்கேன்டி! என் வூட்டுக் குப்ப அது, இங்க வா!” என்று அந்த வாசலிலிருந்து ஹர்ஷினி கத்தினாள்.

நண்டுக்குப் பயந்து ஆறு வருஷம் ரகசியத்தை ஒளித்துவைத்த ஊரில், என்னுடையது என்னுடையது என்று குப்பைக்கு இரண்டு பேர் மல்லுக்கட்டியது அதுதான் முதல் தடவை. தெரு முழுக்க வெளியே வந்து நின்று வேடிக்கை பார்த்தது.

அவ்வளவுதான், என் தங்கங்களே. எழுந்து வீட்டுக்குப் போங்கள். உங்கள் கிணற்றில் தண்ணீர் இனிக்கட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யமனுக்கு அகப்படாமல் அழுக்கும் புழுதியுமாக வளர்ந்து ஆளாகட்டும். அதைத் துவைத்துப்போட உங்களுக்குள் என்றைக்கும் அடிதடி நடக்கட்டும்.